நடை நோட்டு

முப்பத்து நாலு வயதில் என்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம் நான் வேலையை விட்டபோது, பாளையங்கோட்டை அலுவலகத்தில் சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, எல்லாரும் நின்று படம் எடுத்துத்தான் அனுப்பினார்கள். பதினோரு வருடம் ஒரே நாற்காலியில் இருந்திருக்கிறேன். அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பவித்ரா போன வாரம் பேசினாள். ஆண்டு விழாவுக்கு அலுவலகத்தில் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்களாம். "அக்கா, நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால இருந்தும் உங்களுக்கு ஒரு கழுத்து வலி, இடுப்பு வலி வந்ததில்லயாம். உங்க நடையப் பத்தி இங்கன இன்னும் பேசுதாங்க. எப்படி உடம்பப் பாத்துக்கிட்டீங்கன்னு பத்துக் குறிப்பா எழுதித் தாங்கக்கா" என்றாள்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் மறுக்க எனக்கு வருவதில்லை. இந்தக் கதையே அதனால்தான் நடந்தது.

என் வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் கண்டதையும் செய்ததையும் வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தக் குரல் எங்களுக்கு வரும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்ய வேண்டும். மேசைக்கு அடியில் தையல் மெஷினில் இருப்பதுபோல ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் கொஞ்சம் பின்னால் போகும். இப்போது குரலைக் கேட்டு கணினியே அடித்துவிடுகிறது. பிழை பார்க்க மட்டும்தான் ஆள் வேண்டும். எங்களில் பாதிப் பேர் வெளியே வந்ததற்கு அதுதான் காரணம். மிதிகளை எல்லாம் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி ஆறு மாதம். எலும்புகளின் பெயர், நோய்களின் பெயர், மருந்துகளின் பெயர், தினம் காலையில் ஒரு தேர்வு. அங்கே கற்றதில் இன்றும் மறக்காதது, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம்: அர்த்தத்துக்குள்ளே போகாதே, போனால் வேகம் குறைந்துவிடும். காதில் விழுவது கைக்குப் போக வேண்டும், நடுவில் நீ வரக்கூடாது. நான் நல்ல மாணவி. நடுவில் வராமல் இருக்கச் சீக்கிரமே பழகிவிட்டேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் செல்வராஜ் சார். கணினி வருவதற்கு முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். முப்பது வருடம் குனிந்து பழகிய கழுத்துக்கு எப்போதும் பட்டை போட்டிருப்பார். அதனால் யாரைக் கூப்பிட்டாலும் முழு உடம்போடு திரும்புவார். குரலை உயர்த்த மாட்டார். தப்பு செய்தவர்களின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர்களே கண்டுபிடிக்கும் வரை பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

எங்கள் உடம்பின் மேல் அவருக்கு இருந்த அக்கறை உண்மையானது. புதிதாக வருபவர்களின் நாற்காலியை அவரே ஏற்றி இறக்குவார். முழங்கையும் மணிக்கட்டும் மேசையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் பழைய காகிதக் கட்டுகளை அடியில் வைப்பார். கண் எரிந்தால் ஜன்னல் வழியாகத் தெரியும் சர்ச்சின் ஊசிக்கோபுர நுனியைப் பார்த்து இருபது எண்ணச் சொல்வார். இவை எல்லாம் நல்ல யோசனைகள்தான். பவித்ரா, இதுவரை வந்ததை நீ குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

அவர் கொண்டுவந்ததுதான் நடை நோட்டு. நீளமான கோடு போட்ட நோட்டு, ஹாலின் கடைசியில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் ஆணியில் சணல் கட்டித் தொங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். மணி அடித்ததும் மிதியிலிருந்து காலை எடுத்து, ஹெட்போனைக் கழற்றி, எழுந்து ஹாலின் கடைசி வரை நடந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, இரண்டு கணுக்காலையும் பத்துப் பத்துத் தடவை சுழற்றிவிட்டு, கட்டத்தில் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். மாலையில் நோட்டைச் சார் எடுத்துப் பார்ப்பார். கட்டம் காலியாக இருந்தால் மறுநாள் ஸ்டூல் வரும்.

நோட்டு ஒரு பக்கம், வரிக்கணக்கு ஒரு பக்கம். தினம் இத்தனை வரி அடிக்க வேண்டும் என்று உண்டு. இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் இரவு ஷிப்டுக்கு மாற்றிவிடுவார்கள். அந்த விதி சார் போட்டதில்லை, மேலிருந்து வந்தது. கைக்குழந்தை உள்ளவளுக்கு இரவு ஷிப்டு என்றால் வேலையை விடு என்று அர்த்தம். நடக்கப் போனால் ஐந்து நிமிடம். எட்டு நடைக்கு நாற்பது நிமிடம். எல்லாருக்கும் அந்த நாற்பது நிமிடம் வலித்தது.

எனக்கு மட்டும் வலிக்கவில்லை. காரணம் இனியா. என் மகள். ஆறு மாதத்தில் அவளைத் தச்சநல்லூர் வீட்டில் அத்தையிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்பதால் இருக்கையில் போன் வைத்துக்கொள்ள முடியாது. எல்லாருடைய போனும் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும். மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்து ஓடுவேன். பால் குடித்தாளா, தூங்கினாளா, தொட்டால் சுடுகிறதா. அத்தை ஒரு கட்டத்தில் சலித்துப்போய், "ஒரு மணி நேரத்துல பிள்ள எங்கயும் போயிரல, நீ வேலயப் பாரு" என்றார்கள். அப்படியும் ஓடினேன். சில நாள் மணி அடிக்காமலே ஓடினேன்.

இதைப் பார்த்துத்தான் பக்கத்து நாற்காலி நசீமா முதன்முதலில் கேட்டாள். "நீ எப்படியும் அங்கன போறல்லா. எனக்கும் ஒரு 'ந' போட்டுட்டு வாட்டி."

நசீமா மேலப்பாளையத்துக்காரி. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் கணவர் வளைகுடாவில் இருந்தார். என் இருக்கை காலியாக இருக்கும்போது யாராவது தேடினால், பாத்ரூம் போயிருக்கா என்று சொல்லிக் காப்பாற்றுவது அவள்தான். அவளுக்கு ஓர் எழுத்துப் போடுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிறகு எதிர் வரிசையில் மூன்று பேர் சேர்ந்தார்கள். நாலு பேரின் எழுத்தும் என் கைக்குப் பழகியது. நசீமாவின் 'ந' கடைசியில் ஒரு சுழி சுழித்து மேலே போகும். அவள் போடுவதைவிட நான் அதை நன்றாகப் போட்டேன்.

அந்த வருட ஆண்டு விழாவில், ஒரு கட்டம்கூட விடாதவர்கள் என்று எங்கள் ஐந்து பேருக்கும் எவர்சில்வர் பாட்டில் கொடுத்தார் செல்வராஜ் சார். இருக்கைக்கு வந்ததும் நசீமா பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்து, "நடந்த கால் ஒன்னோடது, பரிசு என்னோடது. ஒனக்கு எதுக்குட்டி ரெண்டு கால்? ஒண்ண எங்கிட்ட குடுத்துரு" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு அவள் இரண்டாவது பிரசவத்துக்குப் போனாள். பிரசவத்துக்கு முன்பே படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டதால் விடுப்பெல்லாம் கரைந்து, பிள்ளைக்கு மூன்று மாதம்கூட ஆகாதபோதே திரும்பி வந்தாள். கை வேகம் குறைந்திருந்தது. முதல் மாதம் வரி குறைந்தது. இரண்டாவது மாதமும் குறைந்தால் இரவு ஷிப்டு. அந்த மாதம் அவள் நாற்காலியைவிட்டு எழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சோற்றைக்கூட இருக்கையிலேயே வைத்துத் தின்றாள். வலது கால் மிதியில் ஆடிக்கொண்டிருக்கும். இடது கால் நாற்காலிக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். நான் மணிக்கு ஒரு 'ந' போட்டேன். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் போட்டேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், இடது கெண்டைக்கால் இழுக்கிறது என்றாள். நான் சேலையை ஒதுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் வீங்கி, பளபளவென்று, தொட்டால் சூடாக இருந்தது. அதே வாரம் ஒரு லாரி ஓட்டுநரின் அறிக்கையை நான் அடித்திருந்தேன். நாள்கணக்கில் உட்கார்ந்தே ஓட்டியவர். ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலி, வீக்கம், சூடு. உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. அந்த நோயின் பெயரை நான் எத்தனை நூறு தடவை அடித்திருப்பேனோ தெரியாது. ஒரு எழுத்துப் பிழை வராது. அந்த அறிக்கைக்குக்கூடப் பிழை பார்ப்பவர்களிடம் நூற்றுக்கு நூறு வாங்கினேன். நசீமாவின் காலைப் பார்த்தபோது அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் வந்ததா, வரவில்லையா? வரவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வந்தது. காதில் விழுந்த சொல்லைப்போல வந்து, உள்ளே போகாமல் கடந்துவிட்டது.

செல்வராஜ் சார்தான் உடனே ஆட்டோ பிடித்தார். அவள் வீட்டு ஆண் ஊரில் இல்லை என்பதால் எங்கள் இருவரோடு தானும் வந்தார். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன கிளினிக். டாக்டர் பொறுமையாகத்தான் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார், பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு, "ரொம்ப நேரம் உக்காந்தே பாக்குற வேலயாம்மா?" என்றார்.

நசீமா என்னைப் பார்த்தாள்.

சார் முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் வேலதான் டாக்டர். ஆனா எங்க ஆபீஸ்ல மணிக்கு ஒரு தடவ எல்லாரும் எந்திச்சு நடந்தாகணும். நோட்டே இருக்கு. இந்தப் பிள்ள ஒரு நாளும் விட்டதில்ல." முழு உடம்போடு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீங்க ரெண்டு பேரும் சேந்துதான நடப்பீங்க?"

"ஆமா டாக்டர்" என்றேன்.

இரண்டே சொல். டாக்டரின் கை ஸ்கேனுக்கு எழுதும் சீட்டின் பக்கம் போயிருந்தது. நான் சொன்னதும் திரும்பி வந்தது. அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆனால் இதையும் நானே பின்னால் சேர்த்துக்கொண்டேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தசைப்பிடிப்பாக இருக்கலாம், வீக்கம் கூடினால் தாமதிக்காமல் வாருங்கள் என்று சொல்லி, மாத்திரையும் தடவ மருந்தும் எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும் நசீமா வரிக்கணக்கைப் பற்றித்தான் பேசினாள். போன நேரத்துக்கு எத்தனை வரி போச்சோ என்றாள்.

சனிக்கிழமை காலை அலுவலக மாடிப்படியில், எட்டாவது படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வரவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போயிருந்தது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பெயரை அவர்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன், ஸ்பெல்லிங் தப்பாமல்.

ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் பிள்ளைக்குப் பால் நின்றுபோனது. இடது கால் சாயங்காலத்துக்குள் கனத்து, கறுத்துவிடுகிறது. நாள் பூரா இறுக்கமான காலுறை போட்டிருக்க வேண்டும். ஒரு மாடி ஏறினால் இரண்டு இடத்தில் நிற்கிறாள். வேலைக்கு அவள் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னய மாதிரி அவளும் நடந்துக்கிட்டுத்தானம்மா இருந்தா? பின்ன அவளுக்கு மட்டும் ஏன் வந்துச்சி?" என்று கேட்டார்கள். நான் அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர்கள் என்னைத் தேற்றினார்கள்.

ஒரு மாதம் கழித்துச் செல்வராஜ் சாரிடம் சொன்னேன். மதிய உணவு நேரம். அவர் எழுந்து ஹாலின் கடைசிக்குப் போனார். ஆணியிலிருந்து நோட்டை அவிழ்த்து எடுத்து வந்து, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நசீமா வேலை பார்த்த கடைசி மாதத்தைத் திருப்பினார்.

"இதுல எதெல்லாம் அவ போட்டது, எதெல்லாம் நீ போட்டது?"

பார்த்தேன். பக்கம் முழுக்க 'ந'. எல்லாவற்றிலும் அதே சுழி. ஒன்றிரண்டாவது அவளே நடந்து போட்டிருப்பாள். எது என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல நானே கண்டுபிடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். மணி அடித்து, எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் வரை காத்திருந்தார். பிறகு நோட்டை மூடினார்.

"அப்ப, டாக்டர்ட்ட நான் சொன்னது பொய்" என்றார்.

என்னைத் திட்டவில்லை. மேலே எழுதிப் போடவும் இல்லை. நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு மணி அடித்தால் அவரே வரிசை வரிசையாக வருவார். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் கை வைத்து, அந்த ஆள் எழுந்திருக்கும் வரை அங்கேயே நிற்பார். அந்தக் கழுத்தோடு, தினம் எட்டுத் தடவை, வேலையைவிட்டுப் போகும் வரை அப்படிச் செய்தார். என் நாற்காலிக்கும் வருவார். ஆனால் அதில் கை வைக்க மாட்டார். நான் முன்னாடியே எழுந்து நின்றிருப்பேன்.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு தடவை தனியாகக் கேட்டேன். பிரசவமான உடம்பு, நடப்பவர்களுக்கும் இது வருவது உண்டு, இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்லியிருந்தால் நல்லது என்று நினைத்தேன், எந்தப் பக்கமாக இருந்தாலும்.

கிளினிக்கில் நசீமா என்னைப் பார்த்த பார்வைதான் எனக்கு மிச்சம். 'சொல்லிராதட்டி' என்று அந்தப் பார்வைக்கு நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். போலிக் கையெழுத்து வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் தண்டனையாக இரவு ஷிப்டு, அதனால்தான் அப்படிப் பார்த்தாள், நானும் அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலப்பாளையத்துக்குப் போயிருந்தேன். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன தைரியத்தில் கேட்டேன் என்று தெரியவில்லை. அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ என்னய ஏன் பாத்த என்று கேட்டுவிட்டேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

நறுக்கியதைச் சட்டியில் தள்ளிவிட்டு, "எனக்கும் வாய் இருந்துச்சில்லா. விடு. டீ குடிச்சிட்டுப் போ" என்றாள்.

பவித்ரா, எனக்குக் கழுத்து வலி வராததற்கு இதுதான் காரணம். பதினோரு வருடத்தில் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், கணுக்காலைச் சுழற்றினேன். நாலு பேர் நடக்க வேண்டியதையும் நடந்தேன். என் உடம்புக்கு அது நன்றாகவே ஒத்துக்கொண்டது. மலரில் இதைப் போடுவார்களா என்று தெரியாது. என்னிடம் இருப்பது இதுதான்.

இதை எழுதி முடித்துவிட்டதாக நினைத்து மூடி வைத்தது நேற்று சாயங்காலம். இன்று காலையில் நடந்ததையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இனியா இப்போது இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளியில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் திரையையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று, தினம் அரை மணி நேரம் வெளியே ஓடி விளையாட வேண்டும், விளையாடிய நாளுக்கு நேரே அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலையில் அட்டையைக் கொடுக்க வேண்டும். நான் மறந்திருந்தேன். போன வாரத்து ஏழு கட்டமும் காலியாக இருந்தது. வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்துலயும் போடும்மா. மத்த பிள்ளைகளுக்கெல்லாம் அவங்கம்மா போட்டுக் குடுக்காங்க."

முடியாது என்றேன். நாம் உண்மையிலேயே போன நாளுக்குத்தான் போடுவேன் என்று சொல்லி, நின்றபடியே யோசித்து, செவ்வாய், வெள்ளி, சனி மூன்றுக்கும் போட்டேன். மற்ற நாலையும் காலியாக விட்டேன். அவள் அழுதுகொண்டே போனாள். வேன் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். மனசு கஷ்டமாக இருந்தாலும், ஒரு தடவையாவது சரியாகச் செய்துவிட்டோம் என்று இருந்தது.

உள்ளே வந்து, காய்ந்த துணிகளை மடிக்க எடுத்தேன். வெளியே போட முடியாமல் முன்னறையில் கொடி கட்டிப் போட்டிருந்த துணிகள். கட்டியது செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் பிடித்த மழை ராத்திரி வரை விடவில்லை, பள்ளிக்கும் விடுமுறை விட்டிருந்தார்கள். நாங்கள் வாசலைத் தாண்டவே இல்லை.